கரண்டியக்கா வீட்டுச் சனிக்கிழமை

கரண்டியக்கா வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்துவிட்டால் வாசல் கதவைத் திறக்க முடியாது. யாராவது வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேர் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும், ஒருவர் தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதனால் சனிக்கிழமை ஏழு மணிக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. ஏழு மணிக்குள் வந்தவர்களுக்கு விடுதலை கிடையாது.

நான்காவது மாடியில் ஒன்பதடிக்குப் பதினோரடி அறை. சாப்பாட்டு மேசை என்று தனியாக ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் துணி வெட்டும் பலகையைத் தோளில் தூக்கி வருவார். அது இரண்டு தகரப் பெட்டிகளின்மேல் உட்காரும். கட்டிலில் மூன்று பேர், முக்காலியில் ஒருவர், சன்னல் திண்டில் ஒருவர். ஆறாவது இடம் கவிழ்த்துப் போட்ட வாளி. வாளி யாருக்கு என்பதில் வாராவாரம் சண்டை வரும், ஏனென்றால் சமையலறைக்குப் பக்கத்து இடம் அதுதான்; இரண்டாம் தடவை பரிமாறும்போது முதலில் கிடைக்கும்.

சமையலறை என்பது ரயில் பெட்டியின் நடைவழி மாதிரி. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் சுவர், கடைசியில் கை கழுவும் குழாய். வருகிறவர்கள் ஒவ்வொருவராக வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து, அடுப்பைத் தாண்டிப் போய்க் கை கழுவிவிட்டு, அதே மாதிரி திரும்பி வரவேண்டும். தபால்காரருக்கு மட்டும் எக்கினாலும் வயிறு உள்ளே போகாது. "அண்ணே, நீங்க அங்கேயே நில்லுங்க, குழாயை நான் கொண்டு வர்றேன்" என்று தையல்காரர் சொல்லாத வாரமில்லை.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பத்தொன்பது வருஷமாக இரண்டாவது அடுப்பு அவளுடையது. ஆள் உயரக் கரண்டியால் அண்டாவைக் கிண்டுகிறவள் என்பதால் அங்கே வைத்த பெயர் கரண்டியக்கா. அது வீடுவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குச் சமைக்கிறாள். அந்த முந்நூறு பேரில் ஒருவர்கூட வாயில் வைத்து அவள் பார்த்ததில்லை. தட்டுகளை அடுக்கிய தள்ளுவண்டி லிப்டில் ஏறிப் போகும். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே வண்டி மிச்சத்தோடு இறங்கி வரும். மிச்சத்தைப் பார்த்துத்தான் மேலே என்ன நடந்தது என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரத்தில் ஒதுக்கிய காய் என்றால் வேகவில்லை. நடுவில் குழி விழுந்த சோறு என்றால் நாலு வாயோடு மனசு விட்டுப்போயிற்று. தொடாத தட்டு என்றால், அதைப் பற்றி அவள் யாரையும் கேட்க மாட்டாள்.

சனிக்கிழமை ஆரம்பமானது தபால்காரரால். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பதிவுத் தபாலோடு நாலு மாடி ஏறி வந்தவர், வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று அவள் வாய்வார்த்தைக்குக் கேட்டாள். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். நின்றபடியே இரண்டு தட்டு சாப்பிட்டார். சாப்பிடுகிறவரின் முகத்தில் புருவம் எப்படி இறங்குகிறது, கழுத்து எப்படித் தளர்கிறது என்பதை அக்கா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எட்டு வருஷமாக முந்நூறு பேருக்குப் பொங்கிப் போட்ட கூலி அன்றைக்குத்தான் கைக்கு வந்த மாதிரி இருந்தது. "அடுத்த சனிக்கிழமையும் வாங்க" என்றாள். அவர் பதினோரு வருஷமாக வந்துகொண்டிருக்கிறார்.

பிறகு தையல்காரர் வந்தார், பலகையோடு. அதன்பின் நாத்தனார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவள், அண்ணன் வீட்டில் வாராவாரம் யார் யாரோ சாப்பிடுகிறார்களாமே, என்ன கூத்து என்று வேவு பார்க்க வந்தாள். "அண்ணி, இது வீடா சத்திரமா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தவள், அதற்கப்புறம் ஒரு வாரமும் தவறவிடவில்லை. வாய் மட்டும் மாறவில்லை. அண்ணி சோறு குழைந்தது என்றால் இவள் குழையவில்லை என்பாள். விதை என்றால் கொட்டை என்பாள். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஜனங்களின் சத்தத்தைக் கேட்டு வருகிறவர்; வீட்டில் ஜனங்களை முன்னால் பார்த்துக்கொண்டு, பேசாமல் சாப்பிடுவதே அவருக்குச் சந்தோஷம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுக்கை. எழுந்து வந்தபோது உடம்பு திரும்பிவிட்டது, நாக்கு திரும்பவில்லை. முதலில் வாய்க் கசப்பு என்று நினைத்தாள். பிறகு ஒரு நாள் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் திறந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சிட்டிகை போட்டுப் பார்த்தாள். இரண்டும் மணல். மிளகாயைக் கடித்தால் சுட்டது, ருசிக்கவில்லை. அறையில் பேசிக்கொண்டு இருந்தபோது பால் பொங்கித் தீய்ந்து, வீடு முழுக்கப் புகை வந்த பிறகு கண் எரிந்துதான் தெரிந்துகொண்டாள்.

வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில். கையை நீட்டினால் டாக்டர். ஆனால் ஒருவரிடமும் அவள் காட்டவில்லை. கை நடுங்க ஆரம்பித்த ஒரு சமையல்காரரை மறுநாளே தட்டு கழுவும் தொட்டிக்கு மாற்றியதை அவள் பார்த்திருக்கிறாள். அவர் ஓய்வு பெறும்வரை அடுப்புப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. தட்டு கழுவுவது கேவலம் இல்லை, அவளுக்கும் அது தெரியும். ஆனால் அடுப்பு இல்லாமல் தான் யார் என்று யோசித்தால் அவளுக்குப் பதில் வரவில்லை.

ஆகவே தராசைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு அளவுத்தாள் உண்டு. சுவரில் தொங்கும், பெரும்பாலும் யாரும் படிக்கமாட்டார்கள், கை பழகிவிட்டது என்பார்கள். அக்கா படித்தாள். உப்பு இத்தனை கிராம், எண்ணெய் இத்தனை. அவளுடைய அடுப்பு, சிறுநீரக வார்டுக்கும் இருதய வார்டுக்கும் போகிற அடுப்பு. அங்கே ஒரு கை கூடினால் ஒருவரின் கால் வீங்கும். அந்தப் பயத்தில் ஒரு நாள்கூட அவள் கைக்கணக்குப் போடவில்லை. நான் செய்வது பொய்யா என்று இரவில் தன்னையே கேட்டுக்கொள்வாள். யாருக்கும் கெடுதல் செய்யாத வரைக்கும் பொய் இல்லை என்று ஒரு மனசு சொல்லும். அப்படியென்றால் ஏன் மறைக்கிறாய் என்று இன்னொரு மனசு கேட்கும்.

வீட்டுக்கும் அதே தாள்தான். முந்நூறு பேருக்கான அளவை ஐந்து பேருக்கு வகுத்து, அந்தக் கணக்கில் உப்பு போட்டாள். நோயாளிகளுக்கு எழுதின அளவு நோயாளிகளுக்குத்தான் ருசிக்கும். முதல் வாரமே தையல்காரர், "அக்கா, இதோட ஒரு ஊசியும் போட்டா எங்களை டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவைத்தாள். அடுத்த வாரத்திலிருந்து பலகை நடுவில் உப்புக் கிண்ணம் வைத்தாள். "வார்டுல கால் வீங்கினவங்களைப் பாத்துப் பாத்து எனக்குக் கை வர மாட்டேங்குது. உப்பு அவங்கவங்க இஷ்டம்" என்றாள். நல்ல காரணம். யாரும் மறுத்துப் பேசவில்லை. கிண்ணம் கைமாறிக் கைமாறி வலம் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகத்தான் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே போயிருக்கும். ஆனால் தலைமைச் சமையல்காரர் ஓய்வு பெறுகிற மாதம் வந்தது.

ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்கிற டயட்டீஷியன் இருபத்தாறு வயதுப் பெண். சமையலறையில் அவளுக்கு டயட்டம்மா என்று பெயர். குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள். தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களை வேலை வாங்கும்போதெல்லாம் குரலைச் சரி செய்துகொண்டு பேசுவாள். ஒரு புதன்கிழமை மதியம் அடுப்படிக்கு வந்து, "அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து தலைமை இடத்துக்கு உங்க பேரைத்தான் எழுதப் போறேன். திங்கட்கிழமை ஆபீஸ்ல குடுக்கணும். சரின்னு சொல்லுங்க" என்றாள்.

தலைமைச் சமையல்காரருக்கு முக்கியமான வேலை ஒன்றுதான். ஒவ்வொரு அண்டாவும் வார்டுக்குக் கிளம்பும் முன் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வேளை, ஆறு அண்டா.

அக்கா குனிந்து அண்டாவைக் கிண்டினாள். டயட்டம்மா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். "யோசிச்சே சொல்லுங்க. அப்புறம், சனிக்கிழமை உங்க வீட்ல சாப்பாடுன்னு மொத்த ஆஸ்பத்திரிக்கும் தெரியும். என்னை மட்டும் கூப்பிட மாட்டேங்கிறீங்க."

"வாங்கம்மா" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சொன்னதும், சனிக்கிழமை இல்லையென்றாலும், எல்லாரும் வந்து கட்டிலிலும் வாளியிலும் உட்கார்ந்து ஒரே சமயத்தில் பேசினார்கள். பதவி கிடைத்தது என்று தபால்காரர் அப்போதே ஒரு தட்டு கூடுதலாகச் சாப்பிட்டார். நாத்தனார்கூட, "பரவாயில்லை, அண்ணிக்கும் ஒரு நல்ல காலம்" என்றாள். அக்கா சிரித்துச் சமாளித்தாள். சரி என்று சொன்னால் மொத்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கும் பொய்க் கையெழுத்து. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். இரண்டு மாதத்தில் நாக்கு தானாகத் திரும்பிவிடும், அதுவரை தராசு காப்பாற்றும் என்று சனிக்கிழமை காலைக்குள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். சரி என்றே சொல்லிவிடலாம்.

அன்றைக்குக் கோழியும் கிழங்கும் கேரட்டும் போட்டு ஒரு குழம்பு, பக்கத்தில் சோறு. குழம்புக்கு ஒரே பாத்திரம், இரண்டாவது குழம்பு வைக்க அடுப்பில் இடமில்லை. தாளின்படி உப்பைப் போட்டுவிட்டு நின்று யோசித்தாள். டயட்டம்மா முதல் வாயை வாயில் வைத்துவிட்டுத்தானே உப்புக் கிண்ணத்தைத் தேடுவாள்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அந்த முதல் வாயிலேயே தெரிந்துபோகாதா? பழைய கைக்கணக்கை நினைவுபடுத்தி, மேலே ஒரு கை அள்ளிப் போட்டாள். கிண்டினாள். இன்றைக்குக் கிண்ணம் வேண்டாம் என்று அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஆறரை மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். கை கழுவப் போனவர் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். "என்னங்க, வழி விடுங்க, சோறு வடிக்கணும்" என்று அவள் அவரைத் தள்ளினாள். தபால்காரர் வந்தார், வழக்கம்போல் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "தங்கச்சி, அந்தச் சன்னலைக் கொஞ்சம் திறந்து விடும்மா, வேர்க்குது" என்றார். அவள் போய்த் திறந்துவிட்டு வந்தாள். நாத்தனார் வந்து, "அண்ணி, நீங்க போய் நல்ல புடவையா மாத்துங்க, உங்க அதிகாரி வர்ற நேரம். இதை நான் பாத்துக்கறேன்" என்றாள். இவளுக்கு என்ன இன்றைக்கு இவ்வளவு கரிசனம் என்று அக்கா ஆச்சரியப்பட்டுக்கொண்டே மாற்றக் குளியலறைக்குப் போனாள். தையல்காரர் பலகையை வைத்துவிட்டுக் கை கழுவப் போய், ஒரு பாட்டை முணுமுணுத்தபடி திரும்பி வந்தார். ஏழு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது டயட்டம்மா, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு, மூச்சிரைக்க வாசலில் நின்றாள். அவளுக்கு மரியாதையாகக் கட்டிலில் நடு இடம் கொடுத்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

அக்கா பரிமாறினாள். டயட்டம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு மெதுவாகத் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள்.

தபால்காரர் இருமினார். தையல்காரர் சோற்றை மலைபோல் குவித்து, அதன் ஒரு ஓரத்தில் குழம்பைத் துளியாகத் தொட்டுக்கொண்டார். நாத்தனார் கூரையைப் பார்த்தபடி விழுங்கினாள். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. செம்பு காலியாகி, நிறைந்து, மறுபடி காலியாயிற்று. கிழக்கும் மேற்குமாகச் செம்பு போவதைப் பார்த்த அக்கா, வெக்கை அதிகம்தான் இன்றைக்கு என்று நினைத்தாள். டயட்டம்மா திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அந்த நிம்மதியில் வாளியில் உட்கார்ந்து, தன் தட்டில் நிறையக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஐந்து பேரும் அவளையே பார்த்தார்கள்.

"அக்கா" என்றாள் டயட்டம்மா. குரலைச் சரி செய்துகொள்ளவில்லை. "குழம்பு எப்படி இருக்கு?"

அக்கா பழக்கமாக ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நாக்கால் தொட்டு, கண்ணைச் சுருக்கி யோசித்தாள். "சரியா இருக்கும்மா. ஏன், காரமா?"

வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "நான் ஒரு கை போட்டேன்."

"என்னது?"

"உப்பு. கை கழுவப் போறப்ப."

தபால்காரர் திரும்பி அவரைப் பார்த்தார். "நீங்க போட்டீங்களா? நான்ல போட்டேன். சன்னலைத் திறக்கச் சொல்லிட்டு."

"அட கடவுளே" என்றாள் நாத்தனார். "அதுக்குத்தான் நான் அண்ணியைப் புடவை மாத்த அனுப்பினேன்."

எல்லாரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கினார். "ரெண்டு கை. ஆஸ்பத்திரி அதிகாரியாச்சேன்னு."

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தானும் ஒரு கை போட்டது நினைவுக்கு வந்தது. "எதுக்கு?" என்றாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"உனக்கு நாக்கு போய் ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும்" என்றார் வீட்டுக்காரர். "பால் தீயுது, நீ உள்ள பேசிட்டு உக்காந்திருந்தே. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

தையல்காரர் சொன்னார், ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியில் துணி கருகி அந்தத் தளமே மூக்கைப் பிடித்தபோது அக்கா அவர் கடையில் நின்று சாவகாசமாகப் பித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள் என்று. தபால்காரர் அவளுக்குப் போட்டுக் கொடுத்த டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். திருப்பி வாங்குவதற்குள் அவள் குடித்து முடித்து, நல்லா இருக்கு அண்ணே என்றாள். நாத்தனார் மட்டும் அப்படிச் சம்பவம் எதையும் சொல்லவில்லை. "நான் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசுவீங்க அண்ணி. எட்டு மாசமா உப்பு பத்தி மட்டும் ஒண்ணும் பேசலை" என்றாள்.

ஆளுக்கு ஆள், தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். ஆளுக்கு ஆள், அவள் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது தான் ஒருவர்தான் என்று, ருசி பார்க்க நேரமில்லாமல், அவசரத்தில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க" என்றார் தையல்காரர். "இதுல எத்தனை பேரை நினைக்கறது அக்கா?"

தபால்காரருக்குப் புரையேறியது. நாத்தனார் அவர் முதுகில் தட்டிக்கொண்டே சிரித்தாள். கட்டில் ஆடியது. அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. எட்டு மாதம் தனியாகத் தூக்கிச் சுமந்ததாக நினைத்த மூட்டையின் நாலு மூலையிலும் நாலு பேர் கை வைத்திருந்திருக்கிறார்கள். கொஞ்சம் கோபமும் இருந்தது, சொல்லியிருக்கலாமே என்று. நான் சொன்னேனா என்று நினைத்ததும் அது அடங்கியது.

சிரிக்காதவள் டயட்டம்மா ஒருத்திதான். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா எனக்கு நாக்கு இல்லைம்மா. மணமும் தெரியாது. உங்ககிட்ட சரின்னு சொல்றதாத்தான் இருந்தேன். சொல்லியிருந்தா தப்பு. எனக்கு அந்த இடம் வேண்டாம்."

"எட்டு மாசமா சிறுநீரக வார்டு அண்டா உங்களுதுதானே?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமா. ஆனா ஒரு நாள்கூடக் கையால போடலை. தராசுலதான். வேணும்னா அங்க யாரை வேணா கேளுங்க."

"கேக்க வேண்டாம். மாசா மாசம் எல்லா அண்டாலேர்ந்தும் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பறேன்." டயட்டம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "எல்லாத்துலயும் உப்பு தாளைவிடக் கூடத்தான் இருக்கும். சமைக்கறவங்க ருசி பாக்கறாங்க, பத்தலைன்னு தோணுது, போடறாங்க. எத்தனை தடவை சொன்னாலும் கேக்கலை. உங்க அண்டா மட்டும் எட்டு மாசமா கிராம் பிசகலை. அதனாலதான் உங்க பேரை எழுத நினைச்சேன்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"தலைமை இடம் குடுக்க முடியாதுக்கா" என்றாள் அவள். "மத்த வார்டுக்கு ருசி பாத்துத்தான் ஆகணும். நீங்க என்கிட்ட மறைச்சதையும் நான் ஆபீஸ்ல மறைக்க முடியாது. எனக்கு அது சரியா வராது. ஆனா அந்த அடுப்பை விட்டு உங்களை யாராவது எடுக்கணும்னா என்கிட்ட எழுத்துல காரணம் சொல்லணும். லேப் தாளை நான் மேசைல வெப்பேன்." பிறகு சொன்னாள், "என் முடிவு சரியான்னு எனக்குத் தெரியலை. திங்கட்கிழமை காலைல காது மூக்கு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். எட்டு மாசம் அதே கட்டடத்துல இருந்துட்டு, யார்கிட்டயும் காட்டலைன்னா என்னக்கா அர்த்தம்?"

அக்கா தலையை ஆட்டினாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைமை இடம் முதல் அடுப்புக்காரருக்குப் போயிற்று. ஆபீசில் அக்காவைக் கூப்பிட்டு அரைமணி நேரம் கடுமையாகப் பேசினார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை, பேச அவளிடம் நியாயமும் இல்லை. இரண்டாவது அடுப்பு அவளிடமே இருக்கிறது. ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேறொருவர் வருகிறார், வந்தாலும் அவள் தராசுக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகையும் உள்ளே போகாது. நாக்கு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். காப்பிக் கொட்டை, எலுமிச்சம்பழத் தோல், கிராம்பு என்று காலையும் மாலையும் மோந்து பார்த்துப் பழகச் சொன்னார். அக்கா பழகுகிறாள். இதுவரை கிராம்பு மட்டும் எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி வருகிறது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு இன்னும் முடியவில்லை. பாத்திரம் நிறையக் குழம்பு இருந்தது, ஆறு பேருக்கும் பசி இருந்தது.

"கீழே கொட்டவா போறோம்?" என்றார் தபால்காரர், பதறிப்போய்.

"கிழங்கு இருக்கா?" என்று நாத்தனார் எழுந்தாள். தையல்காரர் கிழங்கை வெட்ட, தண்ணீர் ஊற்றினார்கள், பாதிக் குழம்பை வேறு பாத்திரத்துக்கு எடுத்து நாளைக்கு என்று ஒதுக்கினார்கள். இரண்டு பேர் நிற்க முடியாத சமையலறைக்குள் ஐந்து பேர் நின்றார்கள். டயட்டம்மா குழாய்ப் பக்கம் மாட்டிக்கொண்டு, வெளியே வரவும் முடியாமல், எல்லாருக்கும் கேரட் கழுவிக் கொடுத்தாள். அக்காவை உள்ளே விடவில்லை. அறையில் வாளியின்மேல் கையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். இனிமேல் இப்படித்தானோ, வீட்டு அடுப்பும் போயிற்றோ என்று நினைக்கும்போது வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து கையை மட்டும் வெளியே நீட்டினார். கையில் கரண்டி.

"வா. நீ வந்து கிண்டு. எங்களுக்கு ருசி பாக்கத்தான் தெரியும்."

அவர்கள் ஒட்டி ஒதுங்கி வழி விட்டார்கள். அக்கா அடுப்பின் முன் நின்று கிண்டினாள். கிழங்கு வெந்ததா என்று கரண்டி முனையால் அழுத்திப் பார்த்தாள். அதற்கு நாக்கு தேவையில்லை. பிறகு ஒரு சொட்டை எடுத்து, தன் கையில் விடாமல், பின்னால் நீண்டிருந்த கைகளில் ஒவ்வொன்றிலும் விட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டாள்.

"உப்பு எப்படி இருக்கு?"

"இன்னும் கரிக்குது, தண்ணி ஊத்தும்மா" என்றார் தபால்காரர்.

"இப்ப சரியா இருக்கு, அதோட நிறுத்துங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

"ரெண்டும் இல்லை, ஒரு கிழங்கு போடலாம்" என்றார் தையல்காரர்.

அக்கா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாத்தனார் சொன்னதை அப்படியே கேட்டது அதுதான் முதல் தடவை.